பேராசிரியரைப் பிடிப்பது எப்படி: மலைக் கல்லூரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்டாஃப் ரூம் கதவைத் தட்டிப் பார்த்தால் நாற்காலி முதுகில் ஸ்வெட்டர் தொங்குகிறது. மேசை மேல் பாதி திருத்திய அசைன்மென்ட் கட்டு. ஆள் இல்லை. பக்கத்து மேசை மேடம் நிமிராமலே, "இப்பத்தான் எந்திரிச்சுப் போனாருங்க" என்கிறார். ஊட்டி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல் என்று எந்த மலைக் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டர் முடிவதற்குள் இது ஒரு தடவையாவது நடக்கும். கையில் இருக்கும் விண்ணப்பத்துக்கு நாளைதான் கடைசித் தேதி என்றால் வயிற்றைக் கலக்கும்.

நான் மலையில் படித்து, மலையிலேயே பாடம் எடுக்கவும் வந்தவன். கதவுக்கு வெளியே நின்றும் பார்த்தாயிற்று, உள்ளே உட்கார்ந்தும் பார்த்தாயிற்று. என் கணக்கு இதுதான்: ஆளைத் துரத்திப் பிடிக்க முடியாது. அவருடைய நாள் எந்த வழியாக ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு, உங்கள் காரியத்தை ஒரு நிமிஷத்தில் முடிகிற அளவுக்குச் சுருக்கி அந்த வழியில் போய் நின்றால், சிக்காத பேராசிரியர் அபூர்வம்.

அவர் ஏன் கிடைப்பதில்லை

பல பேருக்கு முதலில் தோன்றுவது, "சாருக்கு என் மேல் கோபம் போல" என்பதுதான். நூறு பேர் உள்ள வகுப்பில் உங்கள் முகமே அவருக்கு இன்னும் பதிந்திருக்காது, கோபம் எங்கே வரப்போகிறது? காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை.

முதல் காரணம் மலைப்பாதை. இங்கே வேலை பார்க்கிற ஆசிரியர்களில் நிறையப் பேருக்குக் குடும்பம் கீழே. ஊட்டி, குன்னூர் என்றால் மேட்டுப்பாளையம், கோவை. கொடைக்கானல் என்றால் வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர்தான், ஆனால் மலையில் கிலோமீட்டர் கணக்கு செல்லாது. ஒரு லாரி வளைவில் நின்றுவிட்டால் அரைமணி, மரம் விழுந்தால் அரைநாள். தினம் ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. வாரம் முழுக்க இங்கே அறை எடுத்துத் தங்கி வெள்ளிக்கிழமை இறங்கி, திங்கட்கிழமை விடிய ஏறுகிறவர்கள் அதிகம். ஆகவே வெள்ளி பிற்பகலிலும் திங்கள் முதல் மணியிலும் போய் நிற்காதீர்கள். வெள்ளி மூன்று மணிக்கு மேல் அவர் மனசு பஸ் ஸ்டாண்டில் இருக்கும். திங்கள் காலை தலையும் கிறுகிறுக்கும், வகுப்புக்கும் நேரமாகியிருக்கும். செவ்வாய், புதன், வியாழன்தான் நமக்குரிய நாட்கள்.

ஏப்ரல், மே வந்தால் இது இன்னும் மோசம். சீசனுக்காக ஏறுகிற வண்டி குன்னூர் வழி, இறங்குகிற வண்டி கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டிக்குள் நடந்துபோகிறவன்தான் முதலில் போய்ச் சேருவான். செமஸ்டர் தேர்வும் அதே சமயத்தில் வரும் என்பதால், அந்த மாதங்களில் முடிக்க வேண்டிய காரியத்தை மார்ச்சிலேயே முடித்துவிடுவது நல்லது.

இரண்டாவது காரணம், வகுப்பறைக்கு வெளியே உள்ள வேலைகள். இவை மாணவர் கண்ணில் படுவதே இல்லை. நீலகிரிக் கல்லூரிகள் கோவையில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. செமஸ்டர் தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தக் கீழே போய்விடுவார்கள். செய்முறைத் தேர்வுக் காலத்தில் வேறு கல்லூரிக்குப் புறத்தேர்வாளராகப் போவார்கள். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் என்றால் ஏழு நாள் சிறப்பு முகாம். தேர்தல் வந்தால் பயிற்சி வகுப்பு, வாக்குச்சாவடிப் பணி. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிற வருஷம் என்றால் பேசவே வேண்டாம், துறை முழுக்கக் கோப்புக்குள் புதைந்து கிடக்கும்.

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-ல் வெளியிட்ட விதிமுறைப்படி ஆசிரியருக்கு வாரம் 40 மணி நேர வேலை. அதில் உதவிப் பேராசிரியருக்கு 16 மணியும் இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணியும் நேரடி வகுப்பு. நாளுக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம் கல்லூரியில் இருக்க வேண்டும். கல்லூரியில் இருக்கிறார் என்றால் தம் நாற்காலியில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லேப், நூலகம், முதல்வர் அறை, தேர்வுக் கட்டுப்பாட்டு அறை எல்லாமே கல்லூரிதான். மலை வளாகம் சமதளத்தில் இருப்பதுபோல் ஒரே கட்டடமாகவும் இருக்காது. ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-ல் தொடங்கியது. ஜான் சல்லிவன் 1820-களில் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் அந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது. இப்படிக் குன்றின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டடம் உள்ள இடத்தில் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போய்வரவே இடைவேளை முடிந்துவிடும்.

நிரந்தரப் பணியில் இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள் சங்கதி தனி. அரசுக் கல்லூரிகளில் பாதி பாடத்தை அவர்கள்தான் எடுப்பதாகத் தோன்றும் துறைகள் உண்டு. அவர்களுக்கு வருஷத்தில் 11 மாதச் சம்பளம்தான். மே மாதம் சம்பளம் கிடையாது. மே மாதத்தில் அவர் போனை எடுக்கவில்லை என்றால் குறை சொல்லாதீர்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

சரியான ஆளைத்தான் தேடுகிறீர்களா?

நாள்கணக்கில் காத்திருந்து, கடைசியில் "இது என்கிட்ட இல்லப்பா, ட்யூட்டர்கிட்ட போ" என்று பதில் வாங்கி வருகிறவர்கள் ஏராளம். கிளம்புவதற்கு முன் இதை ஒரு சீனியரிடமோ வகுப்புப் பிரதிநிதியிடமோ கேட்டுவிடுங்கள்.

இன்டர்னல் (கல்லூரியே போடும் அகமதிப்பீடு) மதிப்பெண் சந்தேகம் என்றால் அந்தத் தாளை நடத்துகிற ஆசிரியர். வருகைப்பதிவு, விடுப்பு, ஓ.டி. (கல்லூரி வேலையாக வெளியே போன நாளை வருகையாகக் கணக்கிடுவது) என்றால் உங்கள் வகுப்புக்குப் பொறுப்பான ட்யூட்டர். போனஃபைடு சான்றிதழுக்கு (இந்தக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்பதற்கான சான்று) பல கல்லூரிகளில் ட்யூட்டர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, பிறகு அலுவலகம், கடைசியில் முதல்வர் என்று நாலு படி. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000 வரவேண்டியது வரவில்லை என்றால், அதற்கென்று கல்லூரியில் ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். உங்கள் பாட ஆசிரியரைக் கேட்டு ஒன்றும் ஆகாது, அவர் கையில் அந்த லாகின் இல்லை. ஸ்காலர்ஷிப்பும் அப்படியே. பெரும்பாலும் அலுவலகத்தில் ஒரு குறிப்பிட்ட மேசைதான்.

நாலு கையெழுத்து வேண்டிய விண்ணப்பத்தில் இரண்டாவது ஆள் ஊரில் இல்லை என்றால் அவருக்காக மூன்று நாள் உட்கார்ந்திருக்க வேண்டாம். துறைத்தலைவர் விடுப்பில் இருந்தால் பொறுப்பு யாரிடமாவது கொடுக்கப்பட்டிருக்கும். "எச்.ஓ.டி. பொறுப்பு இன்னிக்கு யாருங்க மேடம்?" என்று கேட்டால் போதும். இந்த ஒரு கேள்வி தெரியாமல் அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

எங்கே, எப்போது

துறை அறிவிப்புப் பலகையில் ஆசிரியர் வாரியான கால அட்டவணை ஒட்டியிருக்கும். அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் தங்கள் வகுப்பு அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், தேவைப்படுவது அவருடைய அட்டவணை. வேறு வகுப்பில் அவருடைய மணி முடிகிற நேரத்தைப் பார்த்து அந்த வகுப்பறை வாசலில் நில்லுங்கள். வகுப்பு விட்டு வெளியே வருகிற ஆசிரியர் கையில் சாக்பீஸ் தூசியோடு அடுத்த ஒரு நிமிஷம் யாருக்கும் சொந்தமில்லாமல் நடந்து வருவார். அந்த நிமிஷம்தான் நமக்கு. ஸ்டாஃப் ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் டீ வந்துவிடும், சக ஆசிரியர் பேச்சுக்கு வந்துவிடுவார், முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்துவிடும்.

அறிவியல் துறைகளில் செய்முறை வகுப்பு இருக்கிற பிற்பகல் இன்னும் நல்லது. மாணவர்கள் டைட்ரேஷனில் மூழ்கியதும் ஆசிரியர் ஓரத்தில் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார். பேனா ஏற்கெனவே கையில் இருக்கிறது, உங்கள் தாளிலும் ஒன்று விழும்.

துறை உதவியாளரை மறந்துவிடாதீர்கள். சாவிக்கொத்து வைத்திருக்கிற அந்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ யார் எப்போது வருவார், யார் இன்று சி.எல். (தற்செயல் விடுப்பு), யார் கீழே போயிருக்கிறார் எல்லாம் தெரியும். காலையில் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள், பெயர் தெரிந்துகொள்ளுங்கள். "அண்ணா, சார் இன்னிக்கு வந்திருக்காருங்களா?" என்று கேட்டுவிட்டு மாடி ஏறினால் பாதி அலைச்சல் மிச்சம். காரியம் ஆக வேண்டிய அன்றைக்கு மட்டும் பல்லைக் காட்டினால் அவருக்கும் தெரியும்.

மழைக்காலத்தில் இன்னொன்று. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காலையில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். சில சமயம் சில வட்டங்களுக்கு மட்டும் இருக்கும், பள்ளிக்கு உண்டு கல்லூரிக்கு இல்லை என்றும் இருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் கிளம்புகிறவர்கள் அறிவிப்பை முழுசாகப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நீலகிரியில் உள்ளூர் விடுமுறை விடுவதும் உண்டு. கீழே இருந்து வந்த புதியவர்களுக்கு இது தெரியாமல் மூடிய கேட்டின் முன் நிற்பார்கள்.

செய்தி எழுதும் விதம்

இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆசிரியர் போனில் ஒரு நாளைக்கு வருகிற வாட்ஸ்அப்பைப் பார்த்தால் உங்களுக்கே தலை சுற்றும். துறைக் குழு, முதல்வர் குழு, நான்கைந்து வகுப்புக் குழு, தேர்வுக் குழு, குடியிருப்போர் குழு. அதற்கு நடுவில் உங்கள் செய்தி வருகிறது: "ஹாய் சார்". பத்து நிமிஷம் கழித்து "சார் இருக்கீங்களா". மறுநாள் காலை ரோஜாப் பூவோடு ஒரு குட் மார்னிங். மூன்று செய்தி வந்தும் யார், என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. எண்ணும் அவர் போனில் பதிவாகியிருக்காது. புரொஃபைல் படத்தில் ஒரு நடிகர் சிரிக்கிறார். இதற்கு யார் பதில் எழுதுவார்?

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் சார். நான் (பெயர்), இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல், வரிசை எண் 27. முதல் இன்டர்னல் தேர்வு அன்று காய்ச்சலால் வர முடியவில்லை. மருத்துவச் சான்று கையில் இருக்கிறது. மறுதேர்வு எழுத உங்கள் அனுமதி வேண்டும். நாளை செவ்வாய் 12.50-க்கு உங்கள் மூன்றாம் ஆண்டு வகுப்பு முடியும்போது விண்ணப்பத்தோடு வெளியே நிற்கட்டுமா சார்? வேறு நேரம் வசதி என்றால் அப்போது வருகிறேன்."

இதற்கு அவர் "ஓகே" என்று ஒரு சொல் தட்டினால் போதும், காரியம் நகர்ந்துவிடும். தட்ட மறந்தாலும் நாளை 12.50-க்கு உங்களைப் பார்த்ததும் விஷயம் ஞாபகம் வந்துவிடும். "எப்ப வரட்டும் சார்?" என்று கேட்காமல், நேரத்தை நீங்களே சொல்லி அனுமதி கேட்டிருப்பதுதான் இதில் முக்கியம். எப்ப வரட்டும் என்று கேட்டால் அவர் அட்டவணையைத் தேட வேண்டும், யோசிக்க வேண்டும், அப்புறம் பார்ப்போம் என்று போனைக் கீழே வைத்துவிடுவார்.

ஒரு செய்தியில் ஒரே ஒரு வேண்டுகோள். மறுதேர்வும், அசைன்மென்ட் தேதி நீட்டிப்பும், போட்டியில் பெயர் சேர்ப்பதும் ஒரே மூச்சில் எழுதினால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும். குரல் பதிவு அனுப்பாதீர்கள். ஸ்டாஃப் ரூமில் பத்துப் பேர் நடுவே அவர் அதைப் போட்டுக் கேட்க முடியாது. வகுப்புக் குழுவில் சொந்த விஷயத்தைக் கேட்காதீர்கள். இரவு எட்டரை, ஒன்பதுக்கு மேல் அனுப்பாமல் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் நாலரைக்கு மேல் போன் அடிப்பதும் வீண். அவர் பஸ்ஸில் வளைவு வளைவாக இறங்கிக்கொண்டு இருப்பார், சிக்னல் வந்து வந்து போகும், இரண்டு பேரும் மாறி மாறி "ஹலோ, ஹலோ" என்பதோடு முடிந்துவிடும்.

மின்னஞ்சல் என்றால் தலைப்பு வரியைக் காலியாக விடாதீர்கள். "மறுதேர்வு அனுமதி – 2ஆம் ஆண்டு தாவரவியல் – வரிசை எண் 27" என்று இருந்தால் நாலு நாள் கழித்துத் தேடினாலும் அகப்படும். இணைப்பாக அனுப்பும் கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் இருக்கட்டும். "ஸ்கேன் 1" என்ற பெயரில் அவரிடம் ஏற்கெனவே நாற்பது கோப்பு இருக்கும். பள்ளியில் படிக்கும்போது விளையாட்டாகத் தொடங்கிய முகவரியை விட்டுவிட்டு, சொந்தப் பெயரில் ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் வராதே என்று தயங்கி எழுதாமலே இருந்துவிடுகிற பிள்ளைகள் இங்கே நிறைய. வீட்டில் படுக மொழி பேசுகிறவர், மலையாளம் பேசுகிறவர், எஸ்டேட் லைனிலிருந்து (தொழிலாளர் குடியிருப்பு) முதல் தலைமுறையாக வந்தவர் என்று வகுப்பே கலவைதான். தமிழில் எழுதுங்கள். தெளிவான நாலு வரித் தமிழைப் பார்த்து முகம் சுளித்த ஆசிரியரை நான் பார்த்ததில்லை. கூகுளில் போட்டு எடுத்த பளபளப்பான ஆங்கிலக் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ்த் துறையில் மட்டும் சார், மேடம் வேண்டாம். ஐயா, அம்மா என்பதுதான் அங்கே வழக்கம். முதல் நாளே அதைப் பிடித்துக்கொண்டால் நல்லது.

நேரில் போகும்போது

வாசலில் நின்று, "உள்ள வரலாங்களா சார்?" குளிருக்குப் போட்ட மங்கி குல்லாவையும் காது ஹெட்செட்டையும் கழற்றிவிட்டு நுழையுங்கள். சொட்டுகிற குடையை வெளியே வையுங்கள். மூத்த ஆசிரியர்கள் சிலர் இதையெல்லாம் சொல்லமாட்டார்கள், மனசில் வைத்துக்கொள்வார்கள்.

விண்ணப்பத்தை வீட்டிலேயே முழுசாக நிரப்பி, கையெழுத்து வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகக் குறி போட்டு, இரண்டு நகலோடு பிளாஸ்டிக் கவரில் வைத்துக் கொண்டுபோங்கள். கவர் என்று நான் சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. ஜூலை மாதம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேடேறி வருவதற்குள் பை நனைந்து, மை ஊறி, தாள் அப்பளமாகிவிடும். ஜெல் பேனாவில் நிரப்பியிருந்தால் தொலைந்தது. மழைக்காலத்தில் பால்பாயின்ட்தான். பேனாவும் நீங்களே கொண்டுபோங்கள். அவர் பேனாவைத் தேடி எழுந்தால் வேறொரு வேலை குறுக்கே வந்துவிடும்.

பேச்சு, முதல் வரியிலேயே விஷயத்துக்கு வரட்டும். "சார், போனஃபைடுக்கு ஒரு கையெழுத்து வேணுங்க, பஸ் பாஸுக்கு." அவர் கேட்டால் கதை சொல்லலாம். குடும்பக் கஷ்டத்தைச் சொல்ல வேண்டிய இடம் வந்தால், பத்துப் பேர் முன்னால் வேண்டாம், "தனியா ரெண்டு நிமிஷம் பேசணுங்க மேடம்" என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுந்து வராந்தாவுக்கு வருவார்கள்.

"அப்புறம் வா" என்றால் அங்கேயே, அப்போதே, "நாளைக்கு லஞ்ச் முடிஞ்சு வரட்டுங்களா?" என்று ஒரு நேரத்தைக் கட்டிப்போட்டுவிட்டு வெளியே வாருங்கள். தலையாட்டினால் போதும். மறுநாள், "நேத்து லஞ்ச் முடிஞ்சு வரச் சொன்னீங்க சார்" என்று நிற்கலாம்.

பதில் வராவிட்டால்

இரண்டு வேலை நாள் பொறுங்கள். சனி, ஞாயிறு கணக்கில் வராது. மூன்றாம் நாள், பழைய செய்திக்குக் கீழேயே, "சார், மேலே உள்ள மறுதேர்வு விஷயம். வெள்ளிக்கிழமை கடைசித் தேதி. இன்று மதியம் துறையில் வந்து பார்க்கிறேன்" என்று எழுதுங்கள். புதுசாக ஆரம்பித்தால் பழசு எங்கோ போய்விடும். "பார்த்தும் பதில் போடலியே சார்" என்ற தொனி வரவே கூடாது. நீல டிக் விழுந்தால் படித்தார் என்று அர்த்தமில்லை, விரல் பட்டிருக்கும்.

அதற்கும் பதில் இல்லை என்றால் தாளுக்கு மாறுங்கள். அரைப்பக்க விண்ணப்பம், மேலே தேதி, கீழே போன் எண். மேசையில் வெறுமனே வைத்தால் அசைன்மென்ட் கட்டுக்குள் போய்விடும். உதவியாளரிடம் சொல்லி, சார் வந்ததும் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பக்கத்து மேசை ஆசிரியரிடம், "சார் வந்தா இதை மட்டும் ஞாபகப்படுத்த முடியுங்களா மேடம்?" என்றும் கேட்கலாம். சக ஆசிரியர் சொன்னால் காதில் ஏறும். அனுப்பிய செய்தியின் தேதி, நேரில் போன தேதி, அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் நோட்டுப் பின்பக்கத்தில் குறித்து வாருங்கள். பிற்பாடு துறைத்தலைவரிடம் போக நேர்ந்தால், "பல தடவை வந்தேங்க" என்பதைவிட அந்த நாலு தேதி பேசும்.

கடைசித் தேதி உள்ள காரியங்களில் மட்டும் இவ்வளவு பொறுமை வேண்டாம். இன்டர்னல் மதிப்பெண் முக்கியமான உதாரணம். பல பாடங்களில் 100-க்கு 25 இன்டர்னல். மதிப்பெண்ணை இணையத்தில் ஏற்றி முடித்துத் தளத்தை மூடிவிட்டால், ஆசிரியரே நினைத்தாலும் திருத்துவது பெரும்பாடு. மதிப்பெண்ணைப் படித்துக் காட்டுகிற அன்றைக்கே சந்தேகத்தைக் கேட்டுவிடுங்கள். வருகைப்பதிவும் அப்படித்தான். 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அபராதக் கட்டணம், இன்னும் இறங்கினால் தேர்வே எழுத முடியாது. மாதாமாதம் ட்யூட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் நவம்பரில் ஓட வேண்டியதில்லை. பஸ் வராததால் முதல் மணி தவறியது என்றால் அன்றைக்கே சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

ப்ராஜெக்ட் வழிகாட்டியும் பரிந்துரைக் கடிதமும்

முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது வேறு ஆட்டம். இங்கே ஒரு கையெழுத்தோடு முடியாது, வருஷக்கணக்கில் ஒரே ஆளோடு பழக வேண்டும். வழிகாட்டியோடு நிரந்தரமாக ஒரு நேரம் வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. புதன்கிழமை பிற்பகல் இருபது நிமிஷம் என்று ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள். போகும்போது ஒரு தாள்: போன தடவை சொன்னது, செய்து முடித்தது, இப்போது முடிவு வேண்டிய கேள்வி. கேள்வியைத் தேர்வாகக் கேளுங்கள். "மாதிரி எடுக்க எங்க போகட்டும்?" என்றால் பதில் அடுத்த வாரம் வரும். "தொட்டபெட்டா சோலையா, கோத்தகிரிப் பக்கமா சார்? வனத்துறை அனுமதிக்கு இந்த வாரம் எழுதணும்" என்றால் உடனே வரும். வனத்துறை அனுமதி வேண்டிய ஆய்வென்றால் அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

அத்தியாயத்தை அச்சிட்டு, ஓரத்தில் தாராளமாக இடம் விட்டுக் கொடுங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நகல் மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.

பரிந்துரைக் கடிதம் என்றால் குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேளுங்கள். மதிப்பெண் பட்டியல், தற்குறிப்பு, எந்தப் படிப்பு, எந்த ஊர், கடைசித் தேதி, அவரிடம் நீங்கள் படித்த தாள், செய்த ப்ராஜெக்டின் பெயர் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். வெளிப் பல்கலைக்கழகத் தளம் அவருக்கு நேரடியாக இணைப்பு அனுப்பும். அது பெரும்பாலும் ஸ்பேம் பெட்டியில் போய் விழும், அவருக்குத் தெரியாது. அனுப்பிய அன்றே சொல்லிவிடுங்கள். மறுக்கிற ஆசிரியரை வற்புறுத்த வேண்டாம். அரைமனசாக எழுதிய கடிதம் இல்லாததைவிடக் கெடுதல்.

சிக்னல் இல்லாத ஊர்க்காரர்களுக்கு

மஞ்சூர், கீழ்கோத்தகிரி, பந்தலூர் பக்கத்து எஸ்டேட்டுகளிலும், கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களிலும் வீட்டுக்குப் போனால் போன் பெட்டியாகிவிடும். இதை ட்யூட்டரிடம் முதல் வாரமே சொல்லிவையுங்கள். "வீட்ல சிக்னல் இல்லைங்க மேடம், காலைல பஸ் ஏறினதும்தான் மெசேஜ் பார்ப்பேன்." சொல்லாவிட்டால் நீங்கள்தான் பதில் போடாதவர் என்று பெயர் வாங்குவீர்கள். டவுனில் தங்கியிருக்கும் நண்பர் ஒருவரின் எண்ணையும் கொடுத்துவையுங்கள். செய்தியை வீட்டிலேயே எழுதி வைத்தால், பஸ் சிக்னல் உள்ள வளைவைத் தொட்டதும் தானாகப் போய்விடும்.

ஆசிரியரே மாறிப் போய்விட்டால்

அரசுக் கல்லூரிகளில் பணியிட மாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் பாதித் துறை கீழே இறங்கிவிடுவது உண்டு. மலையில் இடம் கிடைத்தவர்களில் பலர் அந்த நாளுக்காகவே காத்திருப்பார்கள். அவர் ஒப்புக்கொண்டது, சரிபார்த்தது எல்லாம் வாய்வார்த்தையாக இருந்தால் புதிதாக வருகிறவர் முதலிலிருந்து தொடங்குவார். மாறுதல் பேச்சு காதில் விழுந்ததுமே, சரிபார்த்த ரெக்கார்டு, ஒப்புதலான ப்ராஜெக்ட் தலைப்பு, மறுதேர்வு மதிப்பெண் எல்லாவற்றிலும் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். போனவரை விடாமல் போனில் துரத்துவதைவிட, துறைத்தலைவர் மூலம் ஒரு கடிதம் போகச் செய்வது விரைவு.

எதுவுமே நடக்காதபோது

எல்லாம் செய்தும் வாரக்கணக்கில் இழுத்தடிக்கிறார், உங்கள் மதிப்பெண்ணோ தேர்வோ அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றால் மேலே போகத் தயங்க வேண்டாம். முதலில் ட்யூட்டர், பிறகு துறைத்தலைவர், பிறகு முதல்வர். துறைத்தலைவரிடம் போகும்போது புகாராகப் போகாமல், "சாரைப் பார்க்க முடியலைங்க மேடம், இந்தத் தேதிக்குள்ள இது வேணும், என்ன பண்ணட்டும்?" என்று வழி கேட்டுப் போங்கள். பத்தில் ஒன்பது அங்கேயே முடிந்துவிடும்.

முடியாத பத்தாவதுக்கு முறையான வழி இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். மாணவர் ஒருவரும் அதில் சிறப்பு அழைப்பாளர். புகார் வந்த 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம் (குறைதீர்ப்பாளர்) மேல்முறையீடு செய்யலாம். மதிப்பெண்ணையோ கையெழுத்தையோ காட்டி ஒருவர் நேரங்கெட்ட நேரத்தில் போன் செய்கிறார், தனியாக வரச் சொல்கிறார் என்றால் அது இந்தக் குழு விவகாரமே இல்லை. அதற்கு, 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி அமைக்கப்பட்ட உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது. அந்தச் செய்திகளை அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒரு மேடத்தைக் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போங்கள். பொறுமை, படிப்படி என்று மேலே சொன்னது எதுவும் இதற்குப் பொருந்தாது.

எழுத்தில் எங்கே மனு கொடுத்தாலும் இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றை அலுவலகத் தபால் மேசையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "அப்புறம் போட்டுத் தர்றேன்" என்பார்கள். சிரித்த முகமாக அங்கேயே நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.